எஃப்எல்வி கோப்புகளை ஏவிசிஎச்டி வடிவத்துக்கு மாற்றுவது: பழைய கூத்துப் பதிவுகளுக்காக

#1 செஞ்சிமலையான்

வணக்கம். எங்கள் வட்டாரத்துத் தெருக்கூத்துக் குழு ஒன்றின் பழைய வீடியோ பதிவுகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருக்கிறேன். 2008 முதல் 2011 வரை நடந்த ஆட்டங்களைக் குழுவில் இருந்த ஒருவர் சிறிய கேமராவில் பிடித்து, அப்போதிருந்த ஒரு வீடியோ தளத்தில் ஏற்றியிருந்தார். மூல நாடாக்கள் இப்போது யாரிடமும் இல்லை. தளத்திலிருந்து அவரே அந்தக் காலத்தில் இறக்கி வைத்த எஃப்எல்வி (ஃப்ளாஷ் வீடியோ) கோப்புகள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. அவற்றை என்னிடம் கொடுத்து, பயன்படுத்திக்கொள்ள அனுமதியும் தந்துவிட்டார். துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் எல்லாம் பத்துப் பத்து நிமிடத் துண்டுகளாக இருக்கின்றன. 2012க்குப் பிந்தைய ஆட்டங்கள் கேம்கார்டரில் எடுத்தவை. அவை ஏவிசிஎச்டி வடிவத்தில், எம்டிஎஸ் கோப்புகளாக முழு எச்டி தரத்தில் இருக்கின்றன.

எனக்கு இரண்டு தேவைகள். ஒன்று, திரௌபதி அம்மன் கோயில் மண்டபத்தில் ஒரு பழைய ப்ளூ-ரே பிளேயர் இருக்கிறது. கேம்கார்டர் கார்டை அதில் செருகினால் அருமையாக ஓடுகிறது. எஃப்எல்வியையும் எம்பி4ஐயும் அது கண்டுகொள்வதே இல்லை. பழைய கூத்துகளையும் அதே முறையில் ஓட்ட வேண்டும். இரண்டாவது, என் அக்கா மகன் பழையதும் புதியதும் கலந்து ஓர் ஆவணப்படம் தொகுக்கிறான். அவனுக்கும் எல்லாம் ஒரே வடிவத்தில் வேண்டுமாம்.

எஃப்எல்வியை ஏவிசிஎச்டியாக மாற்றினால் படமும் எச்டி ஆகுமா? எந்த மென்பொருளை நம்பலாம்?

#2 அலைவரிசை

ஐயா, ஏவிசிஎச்டி எதற்கு? 2006 ஆம் ஆண்டில் சோனியும் பானாசோனிக்கும் கேம்கார்டர்களுக்காகக் கொண்டுவந்த வடிவம் அது. இன்றைக்கு வாங்கும் எந்தத் தொலைக்காட்சியும் யுஎஸ்பி வழியாக எம்பி4 கோப்பை ஓட்டும். மண்டபத்துக்கு ஒரு சிறிய மீடியா பெட்டி வாங்கி வைத்தால் மாற்றும் வேலை பெரும்பாலும் இல்லாமல் போகும். ஒருமுறை மாற்றினால் ஒருமுறை தரம் குறையும். பெட்டி வாங்குவதே சிக்கனம் என்பது என் கருத்து.

#3 செஞ்சிமலையான்

தம்பி சொல்வது சரிதான். ஆனால் மண்டபத்தைப் பார்த்துக்கொள்பவர் வயதானவர். அந்தப் பிளேயரின் ரிமோட் அவருக்குப் பழகிவிட்டது. கார்டைப் போட்டால் படம் வர வேண்டும், அவ்வளவுதான். திருவிழா நாட்களில் நான் ஊரில் இல்லாவிட்டாலும் ஓட வேண்டும். அதனால் இருக்கும் கருவிக்கு ஏற்றபடி கோப்புகளைத் தயாரிப்பதே எனக்கு வழி.

#4 ஒளிக்கீற்று

இருபது ஆண்டுகளுக்கு மேலாக வீடியோ தொகுப்பில் இருப்பவள் என்ற முறையில் சொல்கிறேன். முதல் கேள்விக்குப் பதில்: ஆகாது. 320க்கு 240 அளவுள்ள படத்தில் 76,800 புள்ளிகள் இருக்கின்றன. 1920க்கு 1080 அளவில் ஏறத்தாழ 20 லட்சத்து 73 ஆயிரம் புள்ளிகள். அதாவது 27 மடங்கு. இல்லாத 26 பங்கையும் மென்பொருள் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து நிரப்புகிறது. கோப்பின் பெயர் எச்டி என்று மாறும்; கேமரா அன்று பார்க்காத எதையும் இன்று யாராலும் சேர்க்க முடியாது.

ஆனால் மண்டபத்துப் பிளேயரில் ஓட வேண்டும் என்பது நியாயமான தேவை. அதைச் சரியாகச் செய்ய வழி இருக்கிறது.

எஃப்எல்வி என்பது படத்தையும் ஒலியையும் சேர்த்து வைக்கும் வெறும் கொள்கலன். உள்ளே இருக்கும் படத்தைச் சுருக்கிய முறை (கோடெக்) மூன்று விதமாக இருக்கலாம்: தொடக்க காலத்துச் சோரன்சன், அடுத்து வந்த விபி6, 2007 இறுதியில் ஃப்ளாஷ் பிளேயர் ஏற்கத் தொடங்கிய எச்.264. ஏவிசிஎச்டியும் ஒரு கொள்கலன் ஏற்பாடுதான். அதற்குள் எச்.264 படமும், டால்பி டிஜிட்டல் ஏசி-3 ஒலியோ சுருக்கப்படாத பிசிஎம் ஒலியோ மட்டுமே இருக்கலாம். ஆகவே, மாற்றுவதற்கு முன் உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் ஒவ்வொரு கோப்பையும் திறந்து, பட அளவு, கோடெக், வினாடிக்கு எத்தனை ஃபிரேம், ஒலியின் வகை, மாதிரி வீதம் ஆகியவற்றை இங்கே எழுதுங்கள். அதைப் பார்க்காமல் மென்பொருள் பெயர் சொல்வதில் பயனில்லை.

இன்னொன்று. 'ஒரே கிளிக்கில் மாற்றம்' என்று விளம்பரம் செய்யும் கட்டண மென்பொருள்களைத் தொடவே தொடாதீர்கள். அவற்றுள் பல, உள்ளே எஃப்எஃப்எம்பெக் என்ற இலவசக் கருவியைத்தான் வைத்திருக்கின்றன. கேட்காமலே படத்தை இழுத்து அகலமாக்கிவிடும், ஒலியை மறுபடி சுருக்கிவிடும். எதைச் செய்தன என்று நமக்குத் தெரியவும் தெரியாது.

#5 செஞ்சிமலையான்

பார்த்துவிட்டேன் அம்மா. மூன்று வகையாகப் பிரிகின்றன.

2008, 2009 கோப்புகள்: சோரன்சன், 320க்கு 240. ஒலி எம்பி3, மோனோ, 22.05 கிலோஹெர்ட்ஸ். ஃபிரேம் வீதம் சிலவற்றில் 25, சிலவற்றில் 15.

2010 கோப்புகள்: எச்.264, 480க்கு 360 அல்லது 640க்கு 360. ஒலி ஏஏசி, 44.1 கிலோஹெர்ட்ஸ், ஸ்டீரியோ. வீதம் 25.

2011 கோப்புகள் சில: எச்.264, 1280க்கு 720, ஏஏசி, வீதம் 25. இவை எம்பி4 என்ற பெயரிலேயே இருக்கின்றன.

சில பழைய கோப்புகளில் மீடியாஇன்ஃபோ ஃபிரேம் வீதத்தைக் காட்டவே இல்லை.

#6 ஒளிக்கீற்று

நல்லது, இப்போது பேசலாம். கடினமான வகையிலிருந்து எளிய வகைக்கு வராமல், எல்லோரும் தடுக்கி விழும் 720 வகையிலிருந்து தொடங்குகிறேன்.

படம் ஏற்கெனவே எச்.264. அளவு 1280க்கு 720. அப்படியே கொள்கலனை மட்டும் மாற்றிவிடலாம் என்றுதான் தோன்றும். ஆனால் ஏவிசிஎச்டியில் 720 அளவுக்கு அனுமதிக்கப்பட்ட வீதங்கள் 50, 59.94, 23.976 மட்டும். 25க்கு அங்கே இடமில்லை. சில பிளேயர்கள் பெருந்தன்மையாக ஓட்டிவிடும். பல, கார்டில் கோப்பே இல்லாததுபோல் இருக்கும். உங்களுக்கு இரண்டு வழிகள். ஒவ்வொரு ஃபிரேமையும் இரண்டு முறை காட்டி 50 ஆக்கலாம். அல்லது 1080 அளவுக்குப் பெரிதாக்கி, 50 இன்டர்லேஸ் வடிவத்தில் வைக்கலாம். இரண்டாவதில், ஒரே ஃபிரேமை ஒற்றைக் கோடுகள், இரட்டைக் கோடுகள் என இரண்டு ஃபீல்டுகளாகப் பிரித்து வைக்கிறோம். இரண்டும் ஒரே நொடிப்பொழுதைச் சேர்ந்தவை என்பதால் படம் சிதையாது. எச்.264 படமாகச் சுருக்கும் எக்ஸ்264 என்ற மென்பொருளில் 'ஃபேக் இன்டர்லேஸ்டு' என்றே ஓர் அமைப்பு இதற்காக இருக்கிறது. படத்தை முழு ஃபிரேமாகவே சுருக்கி, பிளேயரிடம் மட்டும் இன்டர்லேஸ் என்று சொல்லும். ஆனால் முதலில், எதையும் மறுசுருக்கம் செய்யாமல் கொள்கலனை மட்டும் மாற்றி, ஒலியை ஏசி-3 ஆக்கி, அந்தப் பிளேயரில் ஒரு துண்டை ஓட்டிப் பாருங்கள். ஓடிவிட்டால் படத்தைத் தொடவே வேண்டாம்.

அடுத்து 640க்கு 360, 480க்கு 360, 320க்கு 240. இந்த அளவுகள் எதுவும் விதிகளில் இல்லை. மறுசுருக்கம் தவிர்க்க முடியாது. இங்கே என் பரிந்துரை பலருக்குப் பிடிக்காது: இவற்றை 1080க்குக் கொண்டுபோகாதீர்கள். ப்ளூ-ரே விதிகள் 720க்கு 576 அளவு, 50 இன்டர்லேஸ் படத்தையும் ஏற்கின்றன. நம் நாட்டின் பழைய பால் (பிஏஎல்) முறைத் தொலைக்காட்சி அளவு அதுதான். உங்கள் கோப்புகளில் பலவும் 25 ஃபிரேம் என்பதால் பொருத்தமாக உட்காரும். அங்கிருந்து திரை அளவுக்குப் பெரிதாக்கும் வேலையைப் பிளேயரே செய்துகொள்ளும். கோப்பு சிறிதாக இருக்கும், சதுரம் சதுரமாகத் தெரியும் பழைய சுருக்கக் குறைகளும் கண்ணை உறுத்தாது.

உங்கள் பிளேயர் 576ஐ ஏற்கவில்லையென்றால் மட்டும் 1080க்குப் போங்கள். அப்படிப் போனால் ஒரு பொறி இருக்கிறது. 4:3 படத்தை 1080 உயரத்துக்குப் பெரிதாக்கினால் 1440க்கு 1080 வரும். ஏவிசிஎச்டியிலும் 1440க்கு 1080 என்ற அளவு இருக்கிறது. இரண்டும் ஒன்றென்று நினைத்து அப்படியே சேமிக்கக் கூடாது. ஏவிசிஎச்டியின் 1440 அளவில் புள்ளிகள் சதுரமானவை அல்ல. திரையில் அவை 16:9க்கு விரிக்கப்படும். கூத்துக்காரர்கள் எல்லோரும் குட்டையும் குண்டுமாகிவிடுவார்கள். கிரீடம் தட்டையாகிவிடும். ஆகவே படத்தை 1440க்கு 1080 ஆக்கி, இரு பக்கமும் 240 புள்ளி அகலத்துக்குக் கறுப்புப் பட்டை சேர்த்து, 1920க்கு 1080 ஆக முடிக்க வேண்டும்.

பழைய 320க்கு 240 கோப்புகளில் சிலவற்றில் படத்துக்கு மேலும் கீழும் கறுப்புப் பட்டை உள்ளேயே பதிந்திருக்கலாம். அவை அகலப் படங்கள். பட்டையை வெட்டினால் 320க்கு 180 கிடைக்கும். அவற்றை 16:9 என்று குறித்துக்கொள்ளுங்கள்.

நிறத்தையும் கவனியுங்கள். சிறிய அளவுப் படங்கள் பெரும்பாலும் 601 என்ற நிற அளவுகோலிலும், எச்டி படங்கள் 709 என்ற அளவுகோலிலும் இருக்கும். 1080க்குக் கொண்டுபோகும்போது நிறத்தையும் சேர்த்து மாற்றச் சொல்லாவிட்டால், சிவப்பு அரிதாரமும் பச்சை அரிதாரமும் இடம் பிசகித் தெரியும். முக நிறத்தைக் கொண்டே பாத்திரத்தை அறியும் கலையில் இது சின்ன விஷயம் இல்லை.

#7 கரிசல்காடு

ஒளிக்கீற்று அம்மா சொன்னதோடு ஓர் இடத்தில் மாறுபடுகிறேன். இப்போது செயற்கை நுண்ணறிவு கொண்டு படத்தைப் பெரிதாக்கும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ரியல்-இஎஸ்ஆர்கேன் என்ற ஒன்றைக் கொண்டு என் தாத்தாவின் சிறிய வீடியோ ஒன்றைப் பெரிதாக்கினேன். முகத்தில் சுருக்கங்கள், மீசை முடி எல்லாம் தெளிவாக வந்தன. பக்கத்துப் புள்ளிகளை வைத்து வழவழவென்று நிரப்பும் பழைய முறையைவிட எவ்வளவோ மேல். மண்டபத்தில் பெரிய திரையில் பார்க்கும் மக்களுக்கு அது தரும் மகிழ்ச்சியை ஏன் மறுக்க வேண்டும்?

#8 செஞ்சிமலையான்

தம்பியின் ஆர்வம் எனக்குப் புரிகிறது. ஆனால் கூத்துப் பதிவுக்கு அது ஒத்துவருமா என்பதில் எனக்குப் பெரிய தயக்கம் இருக்கிறது. இந்த 2008 பதிவுகளில் ஆடிய வாத்தியார் இப்போது இல்லை. அவர் கன்னத்தில் எழுதும் கோடுகள், நெற்றிப் புள்ளிகள், புருவத்தை இழுத்து முடிக்கும் விதம் எல்லாம் அவருக்கே உரியவை. மாணவர்கள் இந்தப் பதிவைப் பார்த்துத்தான் அவற்றை நினைவுபடுத்திக்கொள்கிறார்கள். 320க்கு 240 படத்தில் கன்னம் முழுவதுமே சில புள்ளிகள்தான். அங்கே கருவி வரையும் கோடு வாத்தியார் எழுதிய கோடு அல்ல. வேறு யாருடைய முகங்களையோ பார்த்துப் பழகிய கருவியின் கோடு. நாளைக்கு ஒரு மாணவன் அதைப் பார்த்து எழுதினால் என்ன ஆகும்?

மங்கலாக இருந்தால் 'இங்கே தெரியவில்லை' என்று எல்லோருக்கும் புரியும். தெளிவாகப் பொய் தெரிந்தால் யாருக்கும் புரியாது.

#9 ஒளிக்கீற்று

ஐயா சொன்னதை முழுமையாக வழிமொழிகிறேன். கரிசல்காடு தம்பிக்கு: உங்கள் தாத்தா முகத்தை நீங்கள் நேரில் பார்த்திருக்கிறீர்கள். மீசை முடி சரியா தவறா என்று உங்களால் சொல்ல முடியும். இங்கே அப்படிச் சரிபார்க்க ஆள் குறைந்துகொண்டே போகிறார்கள். மண்டபத்தில் காட்டுவதற்கென ஒரு பிரதி வேண்டுமானால் செய்யலாம்; கோப்பின் பெயரிலேயே 'கருவி மெருகேற்றியது' என்று எழுதிவிட வேண்டும். என்னைக் கேட்டால் அதுவும் வேண்டாம். மிதமாகச் சதுரக் குறைகளைத் தணிக்கும் வடிகட்டி ஒன்றும், பெரிதாக்க லான்சோஸ் என்ற வழக்கமான கணக்கு முறையும் போதும்.

இதே காரணத்தால், 15 ஃபிரேம் கோப்புகளில் இடைஃபிரேம்களைக் கற்பனை செய்து சேர்க்கும் வசதியையும் பயன்படுத்தாதீர்கள். வேகமாகச் சுழன்றாடும் அடவுகளில் கையும் ஆடையும் ரப்பர் போல இழுபடும். இருக்கும் ஃபிரேமைத் திரும்பக் காட்டினால் அசைவு கொஞ்சம் வெட்டி வெட்டித் தெரியும். ஆனால் ஒவ்வொரு ஃபிரேமும் உண்மையானது.

#10 முகவீணை

ஒலியைப் பற்றி யாரும் விரிவாகப் பேசவில்லையே. கூத்தைப் பாதி பேர் காதால்தான் பார்க்கிறார்கள்.

22.05 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வீதம் என்றால், 11 கிலோஹெர்ட்ஸுக்கு மேலான ஒலி எதுவும் அந்தக் கோப்பில் இல்லை. முகவீணையின் கூர்மையும் தாளத்தின் கிணுகிணுப்பும் மழுங்கியிருப்பதற்கு அதுதான் காரணம். ஏவிசிஎச்டிக்கு 48 கிலோஹெர்ட்ஸ் வேண்டும் என்பதால் வீதத்தை உயர்த்தியே ஆக வேண்டும். உயர்த்துங்கள், தவறில்லை. ஆனால் 'ஒலி மேம்பாடு' என்ற பெயரில் மேல்சுரங்களை ஏற்றிக்கொடுக்கும் எதையும் சேர்க்காதீர்கள். எம்பி3 சுருக்கத்தின் சலசலப்புதான் உயரும்.

இரைச்சல் நீக்கும் வடிகட்டிகளிலும் எச்சரிக்கை வேண்டும். ஆர்மோனியத்தின் தொடர்ந்த சுருதியை அவை இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு குறைத்துவிடும். பின்பாட்டுக்காரர்கள் அந்தரத்தில் பாடுவதுபோல் ஆகிவிடும்.

மோனோ ஒலியை இரண்டு பக்கமும் ஒரே அளவில் வைத்து, ஏசி-3 192 கிலோபிட் போதும். ஏஏசி ஸ்டீரியோ கோப்புகளுக்கு 256 கொடுங்கள்.

பழைய எஃப்எல்விகளில் படமும் ஒலியும் போகப் போக விலகுவதுண்டு. அந்தக் கொள்கலன் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் மில்லிவினாடியில் நேரம் குறிக்கிறது, நிலையான வீதம் என்று எதையும் கட்டாயப்படுத்துவதில்லை. செஞ்சிமலையான் ஐயாவுக்குச் சில கோப்புகளில் வீதம் தெரியாததும் அதனால்தான். மாற்றும்போது, குறித்த நேரத்தை மதித்து 25 என்ற நிலையான வீதத்துக்குக் கொண்டுவரச் சொல்ல வேண்டும். நேரத்தைப் பார்க்காமல் ஃபிரேம்களை வரிசையாக அடுக்கும் மென்பொருள்களில்தான் வாயசைவும் பாட்டும் பிரிகின்றன. மத்தளத்தில் அடி விழும் இடத்தையும் ஆட்டக்காரரின் கால் தரையில் படும் இடத்தையும் கோப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒப்பிட்டுப் பாருங்கள். அதைவிடத் துல்லியமான சோதனை இல்லை.

#11 வன்னிமகள்

ரொறன்ரோவில் இருந்து எழுதுகிறேன். இந்த இழையை ஆர்வத்தோடு வாசிக்கிறேன், எங்களிடமும் இதே மாதிரி ஒரு சிக்கல் உண்டு. யாழ்ப்பாணத்தில் என் சித்தப்பா குடும்பத்தினர் ஒரு நாட்டுக்கூத்தைக் கேம்கார்டரில் எடுத்து, ஏவிசிஎச்டி டிஸ்காக எழுதி அனுப்பினார்கள். இங்குள்ள பிளேயரில் அது ஓடவே இல்லை. டிஸ்க் பழுதென்று நினைத்தோம். கணினியில் போட்டால் நன்றாக ஓடுகிறது. காரணம் விளங்கவில்லை.

#12 ஒளிக்கீற்று

அக்கா, உங்கள் டிஸ்கில் பழுது இருக்க வாய்ப்பு குறைவு. இலங்கையும் இந்தியாவும் பால் முறை நாடுகள். அங்கே விற்கும் கேம்கார்டர்கள் வினாடிக்கு 50 ஃபீல்டு என்ற கணக்கில் பதிவு செய்கின்றன. கனடா என்டிஎஸ்சி என்ற வேறு தொலைக்காட்சி முறையைச் சேர்ந்த நாடு, அங்கே 59.94. வட அமெரிக்காவில் விற்ற ப்ளூ-ரே பிளேயர்கள் பல 50 ஃபீல்டுப் படத்தை ஏற்பதில்லை. கணினிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

மாற்றுவதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஏவிசிஎச்டி 23.976 ஃபிரேம் வீதத்தையும் ஏற்கும். 50 ஃபீல்டை 25 முழு ஃபிரேமாக்கி, அதை 23.976 வேகத்தில் ஓட்டினால் ஒரு ஃபிரேமும் கூடாது, குறையாது. படம் ஏறத்தாழ 4 விழுக்காடு மெதுவாகும், கண்ணுக்கு அநேகமாகத் தெரியாது.

#13 முகவீணை

கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத் தெரியும்! அந்த 4 விழுக்காட்டில் சுருதி ஓர் அரைச்சுரத்தில் கிட்டத்தட்ட முக்கால் பங்கு இறங்கிவிடும். நாட்டுக்கூத்துப் பாட்டுகளை அறிந்தவர்களுக்கு அண்ணாவியாரின் (கூத்தைப் பழக்கும் ஆசிரியரின்) குரல் கனத்து, சோர்ந்து கேட்கும். சுருதியை மாற்றாமல் நேரத்தை மட்டும் நீட்டும் வடிகட்டி எஃப்எஃப்எம்பெக்கிலேயே இருக்கிறது. கட்டாயம் அதைப் பயன்படுத்துங்கள் அக்கா. மூல டிஸ்கையும் பத்திரமாக வையுங்கள்.

#14 வன்னிமகள்

மிக்க நன்றி. டிஸ்க் பழுதில்லை என்பதே பெரிய ஆறுதல். இங்கே என் மருமகன் எஃப்எஃப்எம்பெக் தெரிந்தவர். நீங்கள் எழுதியதை அப்படியே அவருக்கு அனுப்புகிறேன்.

#15 செஞ்சிமலையான்

முதல் சோதனை முடிந்தது. 2011இன் 720 கோப்பு ஒன்றை, படத்தைத் தொடாமல் எம்2டிஎஸ் என்ற ப்ளூ-ரே கொள்கலனுக்கு மாற்றிப் பார்த்தேன். படம் ஓடுகிறது! 25 வீதத்தையே பிளேயர் ஏற்றுக்கொண்டது. ஆனால் ஒலி வரவில்லை. கணினியில் விஎல்சி என்ற பிளேயர் மென்பொருளில் போட்டால் ஒலி கேட்கிறது.

576 சோதனையும் வெற்றி. 2009 துகிலுரிதல் துண்டு ஒன்று மண்டபத் திரையில் நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே இருந்தது. குழுவில் இரண்டு பேர் வந்து பார்த்தார்கள்.

இன்னொரு கேள்வி. இந்தக் கோப்பைக் கேம்கார்டரின் கார்டிலேயே, கேமரா பதிவு செய்யும் அடைவுக்குள் போட்டுப் பார்த்தேன். கேமராத் திரையில் அது தெரியவில்லை. தரவுத்தளத்தைச் சீர்செய்யவா என்று கேட்கிறது. சீர்செய்யலாமா?

#16 ஒளிக்கீற்று

சீர்செய்ய வேண்டாம் ஐயா, கார்டை உடனே வெளியே எடுத்துவிடுங்கள். அதில் அசல் பதிவுகள் இருந்தால் முதலில் கார்டு முழுவதையும் கணினியில் பிரதி எடுங்கள்.

காரணம் இது. ஏவிசிஎச்டி என்பது ஒரு தனிக் கோப்பு அல்ல, ஓர் அடைவுக் கட்டமைப்பு. கார்டில் பிரைவேட், அதனுள் ஏவிசிஎச்டி, அதனுள் பிடிஎம்வி என்று அடைவுகள் இருக்கும். படம் ஸ்ட்ரீம் அடைவில் 00000.எம்டிஎஸ் என்ற பெயரில் இருக்கும். ஒவ்வொரு எம்டிஎஸ் கோப்புக்கும் கிளிப்இன்ஃப் அடைவில் ஒரு துணைக்கோப்பு உண்டு. எந்த நொடி கோப்பில் எந்த இடத்தில் இருக்கிறது என்ற விவரம் அதில்தான். பிளேலிஸ்ட் அடைவில் ஓடும் வரிசை. இவை எல்லாவற்றுக்கும் மேலே ஓர் அட்டவணைக் கோப்பு. ஸ்ட்ரீமில் மட்டும் புதுக் கோப்பைப் போட்டால், அட்டவணையில் பெயர் இல்லாத புத்தகத்தை நூலக அலமாரியில் செருகியதுபோல் ஆகும். கேமராக்கள் பொதுவாகத் தாமே பதிவு செய்தவற்றைத்தான் காட்டும். அதோடு போராட வேண்டாம். பிளேயருக்கென்று வேறு கார்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கட்டமைப்பை டிஎஸ்மக்சர் என்ற இலவச மென்பொருள் தானே உருவாக்கும். வெளியீட்டு வகையில் ஏவிசிஎச்டி என்று தேர்ந்தெடுத்தால் போதும். அது எஃப்எல்வியைத் திறக்காது. அதனால் முதலில் எஃப்எஃப்எம்பெக் கொண்டு எம்கேவி கொள்கலனுக்குக் கொண்டுவந்து, பிறகு டிஎஸ்மக்சரிடம் கொடுங்கள். துண்டுகளை வரிசையாக இணைக்கும் வேலையையும் அதிலேயே செய்யலாம். கூத்துப் பெயர்களோடு மெனு வேண்டுமென்றால் மல்டிஏவிசிஎச்டி இருக்கிறது.

ஒலி வராததற்குக் காரணம், ஏஏசி அப்படியே உள்ளே போயிருக்கிறது. விஎல்சி எதையும் ஓட்டும். ப்ளூ-ரே பிளேயர் விதிகளில் உள்ளதை மட்டும் ஓட்டும். எஃப்எஃப்எம்பெக்கில் படத்துக்கு 'காப்பி' என்றும் ஒலிக்கு 'ஏசி3' என்றும் கொடுங்கள்.

576 கோப்புகளுக்கு எக்ஸ்264 அமைப்புகள்: ப்ளூ-ரே இணக்கம் என்ற அமைப்பை இயக்குங்கள், வினாடிக்கு ஒரு முழு ஃபிரேமாவது வரும்படி முக்கிய ஃபிரேம் இடைவெளி 25. இணையத்துக்காகச் சுருக்கிய கோப்புகளில் இது 250 வரைகூட இருக்கும், அதனால்தான் அவற்றை வேகமாக ஓட்டினால் பிளேயர் திணறுகிறது. பிட் வீதத்தை அள்ளிக் கொடுக்க வேண்டாம். ஏவிசிஎச்டியின் உச்சவரம்பு 24 மெகாபிட், 2011இல் வந்த இரண்டாம் பதிப்பின் 50 முழு ஃபிரேம் முறைக்கு 28. உங்கள் சிறிய படங்களுக்கு 4 அல்லது 5 மெகாபிட்டே தாராளம்.

கார்டு 32 ஜிபிக்குள், எஃப்ஏடி32 முறையில் இருக்கட்டும். பழைய பிளேயர்கள் அதற்கு மேல் போவதில்லை. அந்த முறையில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். உங்கள் கேம்கார்டரின் நீண்ட பதிவுகள் தானாகவே பல எம்டிஎஸ்களாகப் பிரிந்திருப்பது அதனால்தான். அவை ஒரே ஓட்டத்தின் துண்டுகள். தனித்தனியாக மாற்றினால் இணையும் இடத்தில் ஒலி ஒரு கணம் அறுபடும், முதலில் சேர்த்துவிட்டு மாற்றுங்கள்.

#17 அலைவரிசை

அக்கா மகனின் ஆவணப்படம் பற்றிய இரண்டாவது கேள்வி அப்படியே நிற்கிறது. என் பதில்: தொகுப்புக்கு ஏவிசிஎச்டி வேண்டவே வேண்டாம். முன்னும் பின்னும் உள்ள ஃபிரேம்களைச் சார்ந்து சுருக்கும் முறை அது, வெட்டி ஒட்டும் வேலைக்குக் கணினியை வருத்தும். எஃப்எல்வியை ஏவிசிஎச்டியாக்கி, அதைத் தொகுத்து, மறுபடி வெளியிட்டால் மூன்று முறை சுருக்கியதாகும். அசல் எஃப்எல்வியிலிருந்து நேராக, தொகுப்பு வேலைக்கென்றே உள்ள டிஎன்எக்ஸ்எச்டி அல்லது புரோரெஸ் வடிவத்துக்கு, சொந்த அளவிலேயே, 25 நிலையான வீதத்தில் மாற்றிக் கொடுங்கள். பெரிதாக்குவதைத் தொகுப்பு மென்பொருளில் அவனே பார்த்துக்கொள்வான். 1080 சட்டத்துக்குள் பழைய படத்தை முழுத் திரைக்கு இழுக்காமல் நடுவில் சிறியதாக வைத்தாலும் அழகாகவே இருக்கும்.

மண்டபப் பிளேயருக்கான கோப்பு வேறு, தொகுப்புக்கான கோப்பு வேறு. இரண்டும் அசலிலிருந்து தனித்தனியாகப் பிறக்க வேண்டும்.

#18 ஒளிக்கீற்று

அலைவரிசை சொன்னதில் ஒரு சொல்லையும் மாற்ற மாட்டேன். அசல் எஃப்எல்விகளை எந்தக் காரணத்துக்காகவும் நீக்காதீர்கள். 2020 டிசம்பர் 31உடன் அடோபி ஃப்ளாஷ் பிளேயருக்கான ஆதரவை நிறுத்தியதும், 'எஃப்எல்வி செத்துவிட்டது' என்று பலர் மாற்றிவிட்டு அசலை அழித்தார்கள். உலாவிக்குள் ஓடிய செருகுநிரல்தான் போனது. எஃப்எல்வி கோப்புகளை விஎல்சியும் எஃப்எஃப்எம்பெக்கும் இன்றும் திறக்கின்றன. இரண்டு வெவ்வேறு வட்டுகளில், இரண்டு வெவ்வேறு வீடுகளில் வைத்துக்கொள்ளுங்கள்.

#19 செஞ்சிமலையான்

எல்லோருக்கும் நன்றி. ஒலி சரியாகிவிட்டது. கார்டைச் செருகியதும் மெனுவில் கூத்துப் பெயர்கள் வரிசையாக வருகின்றன. மண்டபத்துப் பெரியவரே ரிமோட்டில் கர்ண மோட்சத்தைத் தேர்ந்தெடுத்து ஓட்டினார். மத்தள அடியை முடிவிலும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன், விலகவில்லை.

அர்ச்சுனன் தபசில் ஒரு துண்டு மட்டும் மிச்சம். அதன் எஃப்எல்வி பாதியில் இறக்கம் நின்றுபோன கோப்பு போலிருக்கிறது. மொத்த நேரம் காட்டவில்லை, முன்னே நகர்த்தவும் முடியவில்லை. தபசு மரத்தில் ஏறிப் பாடும் பகுதி அதில்தான் இருக்க வேண்டும். ஏதாவது செய்ய முடியுமா?

#20 ஒளிக்கீற்று

முடியும் ஐயா. அரைகுறையாக வந்த எம்பி4 என்றால் கை விரித்திருப்பேன். அதில் அட்டவணை பெரும்பாலும் கோப்பின் கடைசியில் இருக்கும், கடைசி வராவிட்டால் எதுவும் திறக்காது. எஃப்எல்வியில் ஒவ்வொரு துணுக்கும் தன் அளவையும் நேரத்தையும் தானே சுமந்துகொண்டு வருகிறது. வந்து சேர்ந்த கடைசித் துணுக்கு வரை படிக்கலாம். எஃப்எஃப்எம்பெக்கில் படத்துக்கும் ஒலிக்கும் 'காப்பி' கொடுத்து எம்கேவி ஆக்குங்கள். மொத்த நேரமும் நகர்த்தும் வசதியும் அதில் சரியாகிவிடும். முடிவில் ஒரு பிழைச் செய்தி வரும், பொருட்படுத்த வேண்டாம். பாட்டு எதுவரை வந்திருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள். மீதிப் பகுதி அதே ஆட்டத்தைப் பார்த்த வேறு யாரிடமாவது இருக்கிறதா என்று குழுவில் விசாரிக்கலாம்.